இறக்கு மண்டபம்

மேலூரில் விடியுமுன் இலைக்கட்டைத் தலையில் ஏற்றிவிட ஆள் உண்டு. காந்தி மார்க்கெட்டில் இறக்கிவிடவும் ஆள் உண்டு. நடுவில் நாலு மைலுக்கு மேல் யாரும் கிடையாது. பனியில் நனைந்த வாழையிலைக் கட்டு, பார்க்கிறவர்கள் நினைக்கிற மாதிரி இலை கனம் இல்லை. அரை மூட்டை நெல் கனம் இருக்கும். தரையில் இறக்கிவிட்டால் தனியாளாகத் திரும்பத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. கூட வருகிறவள் தலையிலும் கட்டு இருக்கும். அதனால் இறக்காமலே நடக்க வேண்டும். கழுத்து நரம்பு விண்ணென்று தெறிக்கும்போது சரியாக மாம்பழச்சாலை வரும். அங்கே, காவிரிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்த மண்டபம் இருந்தது.

எட்டுக் கல்தூண், மேலே பாவுகல், பக்கத்தில் ஒரு கிணறு. அவ்வளவுதான். கோபுரமா, சிற்பமா, ஒன்றும் கிடையாது. ஆனால் மண்டபத்துக்குள்ளே நடுவாந்திரத்தில் ஆள் கழுத்து உயரத்துக்கு நீளமாக ஒரு கல்மேடை. அதில் முதுகைக் கொடுத்து நின்று தலையைப் பின்னால் சாய்த்தால் கட்டு தானே கல்லில் உட்கார்ந்துகொள்ளும். கிணற்றில் இறைத்துக் குடித்து, வெற்றிலை போட்டு, கால் வலி அடங்கிய பிறகு அதே மாதிரி முதுகைக் கொடுத்தால் கட்டு தலைக்கு வந்துவிடும். ஒருத்தர் தயவும் வேண்டாம். இலைக்காரிகள் அதை இறக்கு மண்டபம் என்பார்கள்.

பவுனம்மாள் பதினெட்டு வருஷமாக அங்கே இறக்கி ஏற்றியவள். அவள் புருஷன் வீரமலை பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பிட்டர். அவனும் தினம் சைக்கிளில் அந்த வழியாகத்தான் ஷிப்டுக்குப் போவான். அவள் மார்க்கெட்டிலிருந்து வெறுந்தலையோடு திரும்பும் நேரமும் அவன் பாலத்தில் ஏறும் நேரமும் சில நாள் ஒன்றாக அமையும். சைக்கிளை நிறுத்தமாட்டான். "கேரியர்ல வாழப்பூ கொழம்பு வெச்சிருக்கேன், சிந்திறாம போங்க" என்று அவள் கத்துவாள். அவன் ஒரு மணி அடித்துவிட்டுப் போவான்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மண்டபத்துத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ரோட்டை அகலப்படுத்தப்போகிறார்கள், மண்டபத்தை இடிக்கப்போகிறார்கள். வீரமலை அதைப் படித்த அன்றைக்கு ஷிப்டுக்கு லேட். அந்த வாரமே அவன் ஸ்ரீரங்கத்தில் வக்கீல் சௌரிராஜன் வீட்டுக்குப் போனான். புராதனப் பாதுகாப்புச் சபை என்று ஒன்றை அவர் நடத்திவருவதாகக் கேள்விப்பட்டிருந்தான்.

சபையில் பதினான்கு பேர். இரண்டு காலேஜ் வாத்தியார்கள், ஒரு மருந்துக் கடைக்காரர், ரிட்டயரான தாசில்தார், இப்படி. கை காய்த்துப்போன ஆட்கள் இரண்டே பேர்: வீரமலையும், பெரிய கடைவீதியில் போர்டு எழுதும் ஜெகபர் சாதிக்கும். மற்றவர்கள் மனு எழுதினார்கள், பேப்பருக்குக் கடிதம் போட்டார்கள். இவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்டபத்தில் இறங்கி வேலை செய்தார்கள். பாவுகல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு எடுத்தார்கள். கிணற்றைத் தூர் வாரினார்கள். தூண்களில் ஏறியிருந்த ஏழெட்டுப் பூச்சு சுண்ணாம்பை ஈரச் சாக்குப் போட்டு ஊறவைத்து மூங்கில் சிலாம்பால் சுரண்டினார்கள். இரும்பு பட்டால் கல்லில் கோடு விழும் என்று சொல்லிக் கொடுத்தவர் சௌரிராஜன்தான். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டும், துடைக்க மாட்டார். நல்ல மனுஷன் என்றுதான் வீரமலை நினைத்திருந்தான். நினைத்ததில் தப்பும் இல்லை, அப்போது.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிறு, தென்கிழக்குத் தூணில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து எழுத்து கிளம்பிற்று. ஜெகபர் சாதிக் ஈரத்தாளை ஒட்டித் தட்டி, கரித்துணியால் தேய்த்துப் பிரதி எடுத்தார். எழுத்து பழசு, ஆனால் முப்பது வருஷம் எழுத்தோடேயே புழங்கிய மனுஷன் அல்லவா, பாதிக்கு மேல் அவரே கூட்டிப் படித்துவிட்டார். மீதியைச் சௌரிராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கல்லோடு முகம் வைத்துப் படித்தார். பவுனம்மாள் கஞ்சிப் பானையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மேலூரிலிருக்கும் இலைக்காரி நல்லம்மை... சுமையெடுத்தவர் யாராகிலும் இறக்கி இளைப்பாறப் பண்ணிவித்த மண்டபமும் கிணறும்... இதுக்கு அகிதம் பண்ணினவன் கெங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போகக் கடவன்." சௌரிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீரமலை, இது ராஜா கட்டலே, மந்திரி கட்டலே. ஒரு இலைக்காரி கட்டியிருக்கா. இருநூறு வருஷமாவது இருக்கும். இந்த மாதிரி ஒண்ணை நான் படிச்சதே இல்லே!"

"நல்லம்மையா?" என்றாள் பவுனம்மாள். "மேலூர்ல எந்தத் தெருன்னு போட்டிருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் விடியலில் கூட இலை சுமக்கும் பொன்னுத்தாயிடமும் மற்றப் பெண்களிடமும் சொன்னாள். நல்லம்மை எந்த வழியாக வந்திருப்பாள், பாலம் இல்லாத அந்தக் காலத்தில் ஆற்றை எப்படிக் கடந்திருப்பாள் என்று மார்க்கெட் போகிற வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள்.

நோட்டீஸை ரத்து செய்ய வைத்தது சபையின் மனுக்கள் அல்ல, ரைஸ்மில் அழகர்சாமி. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மெட்ராஸ் வரைக்கும் கேட்கும். சபைக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார். ரோடு மண்டபத்தை விட்டு வளைந்து போகும் என்று உத்தரவு வந்தது. வீரமலை அன்றைக்கு ஒர்க் ஷாப்பில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தான்.

பிறகு, அறுபத்தொன்று ஆவணியில், சௌரிராஜன் அவனைக் கூப்பிட்டு மண்டபத்தைச் சுற்றிக் கம்பியடைப்பும் முன்பக்கம் ஒரு கேட்டும் வேண்டும் என்றார். மாடு புகுந்து அசிங்கம் பண்ணுகிறது, சீட்டாடுகிறவர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்றார். இரண்டும் உண்மைதான். இரும்பு வாங்கிக் கொடுத்தார்கள். வேலை வீரமலையின் தர்மம். ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் மாம்பழச்சாலையில் ஒரு பட்டறைக்கு வந்து இருட்டும் வரை வேலை செய்தான். எட்டுத் தூணுக்கும் இடையில் கம்பி அடித்தான். கல்லில் ஓர் ஓட்டை போடாமல், தூணைப் பட்டையால் சுற்றிப் பிடித்து நிறுத்தினான். கேட்டுக்கு மேலே வாழையிலை மாதிரி இரண்டு வளைவு வைத்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவ்வளவு நேர்த்தியாக அவன் எதையும் செய்ததில்லை.

புரட்டாசியில் கேட்டை மாட்டினார்கள். மறுநாளே பூட்டிவிட்டார்கள்.

"சாவி யாருகிட்ட?" என்று பவுனம்மாள் அன்று சாயங்காலம் கேட்டாள். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன்?"

"பூட்டிக் கெடக்குது. காவக்காரரு உள்ள விடமாட்டேங்குறாரு. பூச்சு வேல நடக்குதாம், அமைச்சரு வந்து தொறந்துவெப்பாராம். அதுக்கப்பறம் பாக்கலாங்குறாரு."

"விழா முடியிற வரைக்குந்தான். ஒரு மாசம் பொறுத்துக்கங்க."

"ஒரு மாசம் கழுத்து பொறுக்குமா? ஒங்க சபைல கேட்டுச் சொல்லுங்க."

"கேக்குறேன்" என்றான். கேட்கவும் செய்தான். சௌரிராஜன் பார்க்கலாம் என்றார். அதோடு அவன் விட்டுவிட்டான். இதை அவன் பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டான். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. முகூர்த்த மாசம் வேறு. மார்க்கெட்டில் இலை கேட்டுப் பறந்தார்கள். கட்டு பெரிதாயிற்று. பெண்கள் மாம்பழச்சாலையில் நிற்காமல் நடந்தார்கள். நடக்க முடியாதவர்கள் பாலத்துக்கு முன்னால் இருக்கும் மதகின் கட்டைச் சுவரில் இறக்கிப் பார்த்தார்கள். அது இடுப்பு உயரம். இறக்க வேண்டுமென்றால் கட்டோடு குனிய வேண்டும்.

ஒரு புதன்கிழமை விடியலில் பவுனம்மாள் அப்படிக் குனிந்தாள். சேற்றில் கால் வழுக்கிற்று. கட்டு முன்னால் இழுத்தது. அவள் கையை ஊன்றினாள். அந்தக் கை மேலேயே கட்டு விழுந்தது.

வீரமலைக்கு ஒர்க் ஷாப்பில் ஆள் வந்து சொன்னபோது மணி ஒன்பது. அவன் புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு, அதற்கு மேலும் ஆறு மாசம் தலைச்சுமை கூடாது என்றார் டாக்டர். கழுத்திலும் ஏதோ பிசகியிருந்தது. முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள். புடவையெல்லாம் சேறு. பக்கத்தில் பொன்னுத்தாய் நின்றாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்றான்.

"கேட்டு நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள் பவுனம்மாள். "விழறதுக்கு முன்னாடி போயி உலுக்கிப் பாத்தேன். ஒரு ஆட்டம் இல்ல."

வீரமலை அவள் புடவையில் காய்ந்திருந்த சேற்றை விரலால் சுரண்டினான்.

"அவளத் திட்டாதீங்கண்ணே" என்றாள் பொன்னுத்தாய், அவன் திட்டவே இல்லை. "பூட்டுன நாள்லேருந்து நாங்க எல்லாருந்தான் உலுக்குறோம். நாயி, பூனையெல்லாம் கம்பி வழியா நொழஞ்சு உள்ள படுத்துருக்குது. எங்களுக்குத்தான் எடமில்ல."

மத்தியானம் ஜெகபர் சாதிக் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பன்னும் டீயும் வாங்கி வந்திருந்தார். பவுனம்மாளுக்கு டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு வீரமலையை வெளியே அழைத்துப் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இந்த நேரத்துல காட்டக் கூடாதுதான் மாப்ள. ஆனா காட்டாம இருந்தா ஹராம். மண்டபத்துக்கு வைக்கிற போர்டுக்கு வாசகம். என்னை எழுதச் சொல்லிக் குடுத்துவிட்டிருக்காங்க."

வீரமலை படித்தான். தளவாய் மண்டபம். நாயக்க மன்னர் காலத்தில் தளவாயாக விளங்கிய இன்னாரால் யாத்ரீகர்களின் பொருட்டு எழுப்பப்பெற்றது. அவர் வழித்தோன்றலாகிய திரு. அழகர்சாமி அவர்களின் பெருமுயற்சியால் காக்கப்பெற்றது.

"நல்லம்மை?" என்றான்.

"அதான் நானும் வக்கீலய்யாவக் கேட்டேன். 'ஒரு கல்வெட்டை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது பாய், வேற ஆதாரமும் வேணும்'ங்குறாரு. தளவாய்க்கு என்ன ஆதாரம்னேன். மூக்குக்கண்ணாடியத் தொடைக்கிறாரு."

"நீங்க எழுதப் போறீங்களா?"

"என் பிரஷ்ஷ ஒடச்சுப் போட்டாலும் எழுத மாட்டேன். ஆனா ஊருல வேற பெயிண்டர் இல்லையா மாப்ள?"

வீரமலை அங்கிருந்து நேராக மண்டபத்துக்குப் போனான். மழை விட்டிருந்தது. காவல்காரர் டீக்கடைக்குப் போயிருந்தார். தான் அடித்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். தென்கிழக்குத் தூணில் ஆள் உயரத்துக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள். வழவழவென்று, நல்ல கொத்தனார் வேலை. அதன் மேல் போர்டு மாட்ட நாலு மரக்கட்டை அடித்திருந்தார்கள். மூங்கில் சிலாம்பால் விரல் விரலாகச் சுரண்டி எடுத்த எழுத்து அதற்குள்ளே இருந்தது. கல்லில் இரும்பு படக்கூடாது என்றவர்கள் கல்லில் ஆணி இறக்கியிருந்தார்கள்.

சௌரிராஜன் கோர்ட்டிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வீரமலையைப் பார்த்ததும் முகம் வாடிற்று.

"கேள்விப்பட்டேன். கையாமே? வாங்கோ, உட்காருங்கோ. ஆஸ்பத்திரி செலவு—"

"உட்கார வரலீங்க. தூண்ல சிமெண்டு பூசச் சொன்னது யாருங்க?"

அவர் துண்டால் காலைத் துடைத்தார். துடைத்த காலையே மறுபடியும் துடைத்தார்.

"வீரமலை, நான் சொல்றதைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்கோ. அழகர்சாமி இல்லேன்னா இன்னிக்கு அந்த இடத்துல மண்டபமே கிடையாது, தார் ரோடுதான். ரெண்டு வருஷமா நாம எழுதின மனு ஒரு பைலையும் அசைக்கலே. அவர் ஒரு டெலிபோன் பண்ணினார், நின்னுடுத்து. அவருக்கு ஒரு ஆசை. தன் வம்சத்துப் பேர் ஒரு கல்லுல இருக்கணும்னு. இருந்துட்டுப் போகட்டுமே! கல்வெட்டு எங்கேயும் போகலே. சிமெண்டுக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு. நூறு வருஷம் கழிச்சு எவனாவது பெயர்த்துப் படிப்பான்."

"பெயர்த்தா எழுத்தோட வரும்ங்க. அது ஒங்களுக்கும் தெரியும்."

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"சரி, பேரு போகட்டும். கேட்டை எதுக்குப் பூட்டுனீங்க?"

"விழா வரைக்கும்னு—"

"விழாவுக்கு அப்பறம் தொறப்பீங்களா?"

சௌரிராஜன் பொய் சொல்லத் தெரியாதவர். அதற்காக அவரைப் பாராட்டுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. "அழகர்சாமி என்ன சொல்றார்னா," என்றார், "பெரிய மனுஷா வந்து பார்க்கிற இடம். உள்ளே இலையும் சேறும் வெத்தலை எச்சிலுமா... சனி ஞாயிறு ஜனங்க பார்க்கறதுக்குத் திறந்துவைக்கலாம்னு அபிப்பிராயம்."

"ஜனங்க பாக்க." வீரமலைக்குக் குரல் ஏறிற்று. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். "அப்ப எம் பொண்டாட்டி யாருங்க? பொன்னுத்தாய் யாரு? அந்தக் கல்லுல ஒங்க கண்ணாடியக் கழட்டிட்டுப் படிச்சீங்களே, சுமையெடுத்தவர் யாராகிலும்னு. படிச்சிட்டு அழுதீங்களே! ரெண்டு வருஷம் நான் ஞாயித்துக்கெழம வீட்டுல சோறு திங்கல. எதுக்கு? இடிச்சிருந்தாக்கூட இப்படி வயிறு எரியாது. வெளியூர்க்காரன் இடிச்சான், தெரியாம இடிச்சான்னு விட்டுருவேன். நீங்க படிச்சவரு. படிச்சு, தெரிஞ்சு, மேல சிமெண்டு பூசியிருக்கீங்க!"

"மண்டபம் நிக்கறதா இல்லையா? அதைச் சொல்லுங்கோ."

"நிக்குது. எம் பொண்டாட்டிதான் விழுந்துட்டா."

அதற்கு மேல் அவன் அங்கே நிற்கவில்லை. அகிதம் பண்ணினவன், தீங்கு செய்தவன், என்று கல்லில் வெட்டியிருந்தது யாரை என்று கேட்க வந்தவன், அதைக் கேட்காமலே படியிறங்கினான்.

பொன்னுத்தாய் பவுனம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டிருந்தாள். பவுனம்மாள் இடது கையால் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். அவன் பிசைந்து ஊட்டப் போனான். வேண்டாம் என்று தலையாட்டக்கூட முடியவில்லை அவளுக்கு, கழுத்து அப்படி. உதட்டை இறுக்கிக்கொண்டாள். அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் இடது கையாலேயே சாப்பிட்டாள். மூன்றாம் நாள் அவன் சொன்னான், "திங்கக்கெழம லீவு போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"ஒரு வேல இருக்கு."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான், அவன் கருவிப்பையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். திருட்டு வேலை என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது என்பதில் கவனமாக இருந்தான். பவுனம்மாளும் கழுத்தில் கட்டிய தூளியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள். வேண்டாம் என்றதற்குக் காது கேட்காத மாதிரி வந்தாள். ஜெகபர் சாதிக் ஒரு மாட்டுவண்டியோடு காத்திருந்தார்.

காவல்காரர் ஓடிவந்தார். "வீரமலை, என்ன இது? என்னால பதில் சொல்ல முடியாதுப்பா."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வீரமலை கழட்டினான்னு சொல்லுங்க. பேரைச் சரியாச் சொல்லுங்க."

கீல் முளைகளை ஒருவரும் கழற்றக்கூடாது என்று அவனே இரண்டு பக்கமும் தட்டி மழுக்கியிருந்தான். உளியை வைத்து அடித்தான். முதல் முளை வருவதற்கு அரை மணி ஆயிற்று. அதற்குள் இலைக்காரிகள் வந்து சேர்ந்தார்கள், ஒன்பது பேர். தலையில் கட்டோடு ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். கட்டு சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடையிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஸ்ரீரங்கம் பஸ் ஒன்று நிற்க, டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"சீக்கிரம் அடிங்கண்ணே, கழுத்து போகுது" என்றாள் பொன்னுத்தாய் கடைசியில். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது முளை தெறித்தது. பூட்டோடு சேர்ந்து கேட்டு அவன் தோளில் சாய்ந்தது. ஜெகபர் சாதிக் ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாக அதை வண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். ஒவ்வொருத்தியாக முதுகைக் கொடுத்துக் கட்டைக் கல்லில் சாய்த்தார்கள். பொன்னுத்தாய் கிணற்றில் இறைத்து முதல் வாளியைப் பவுனம்மாள் வாயில் ஊற்றினாள்.

வண்டி சித்திரை வீதிக்குப் போயிற்று. சௌரிராஜன் வீட்டு வாசலில் கேட்டை இறக்கிச் சுவரில் சாத்திவிட்டு, வீரமலை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்: "ஐயா, சபை சாமான் கொண்டாந்து வெச்சிருக்கு. சரிபாத்துக்கங்க. ஒரு திருகாணி கொறையாது."

அழகர்சாமி போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். காரியதரிசி என்ற முறையில் சௌரிராஜன்தான் கையெழுத்துப் போட வேண்டும். களவு போன சாமான் என் வாசலிலேயே இருக்கும்போது எதைக் களவு என்று எழுதுவது என்று அவர் சாக்குச் சொன்னார். போலீஸ் கேஸ் என்று ஒன்று ஆகியிருந்தால் வீரமலைக்கு ரயில்வே உத்தியோகம் போயிருக்கும். அது அவருக்கும் தெரியும். அந்த மட்டில் அவர் செய்தது பெரிது. ஆனால் சபையைக் கூட்டாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். நடு நாற்காலியில் அழகர்சாமி. ஜிப்பாவில் மடிப்புக் கலையவில்லை.

"நான் இந்த ஊருக்கு நல்லது செய்ய வந்தவன்" என்றார். "இலைக்கட்டு வைக்க வேற எடமா இல்ல? ஒரு சுமைக்கல்லு நட்டுக்குடுன்னு கேட்டிருந்தா நாளைக்கே நட்டுக்குடுத்திருப்பேன். இது புராதனச் சின்னம். சந்தைமடம் இல்ல."

"சந்தைமடந்தாங்க அது" என்றான் வீரமலை. "கட்டுனவ அதுக்குத்தான் கட்டுனா. நட்டுக்குடுக்க நீங்க யாருங்க? இருநூறு வருஷம் முன்னாடி ஒருத்தி நட்டுக்குடுத்துட்டுப் போயிட்டா."

"இப்படிப் பேசுறவனோட எனக்கு வாதமில்ல. நீக்கிட்டு ஆகவேண்டியதைப் பாருங்க."

கை தூக்கச் சொன்னார்கள். எட்டுக் கை உயர்ந்தது. மருந்துக் கடைக்காரர் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையும் சேத்து எழுதிக்குங்க" என்று ஜெகபர் சாதிக் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "தூணைச் சுரண்டுனதுல பாதி நான்."

சௌரிராஜன் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதினார். சபையின் சொத்துக்குச் சேதம் விளைவித்த ஒழுங்கீனத்தின் பொருட்டு அங்கத்தினர் வீரமலை இன்று முதல் நீக்கப்படலாயிற்று. எழுதியதை வாசித்தார். ஜெகபர் சாதிக்கின் பேர் அதில் இல்லை.

"நீக்கப்படுறவங்க தங்க சமாதானத்தை அதுலயே எழுதலாம்னு நம்ம விதியில இருக்குங்க" என்றான் வீரமலை. "நீங்க எழுதுன விதிதான்."

சௌரிராஜன் பேனாவை நீட்டினார். இரும்புத் தகட்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பழகிய கை. பேனா மெல்லிசாக இருந்தது. நின்றபடியே, அழுத்தி, மெதுவாக எழுதினான். 'மண்டபத்துக் கேட்டைச் செய்ததும் நான். அதைப் பகலில் கழற்றியதும் நான். மண்டபம் கட்டியது தளவாய் இல்லை. மேலூர் இலைக்காரி நல்லம்மை. இது தென்கிழக்குத் தூணில் இருக்கிறது. சபை அதன்மேல் சிமெண்டு பூசிவிட்டது. வீரமலை, பிட்டர்.'

அழகர்சாமி எட்டிப் படித்தார். "அந்தப் பக்கத்தைக் கிழிங்க."

"நம்பர் போட்ட புஸ்தகம்" என்றார் சௌரிராஜன். "கிழிச்சா தெரியும்."

"தெரியட்டுமே."

சௌரிராஜன் ஒற்றுத்தாளை எடுத்து ஈர எழுத்தின் மேல் வைத்து அழுத்தினார். வீரமலை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடலாம். கார்த்திகையில் விழா நடந்தது, அமைச்சர் வந்தார், போர்டு ஏறிற்று. தளவாய் மண்டபம் என்றுதான் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து அதைப் படிக்கச் சொல்கிறார்கள். சிமெண்டு உதிரவில்லை. ஆனால் கேட்டு மறுபடி மாட்டப்படவில்லை. மாம்பழச்சாலையில் ஒரு பட்டறைக்காரரும் அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். வெளியூர் ஆளைக் கூட்டிவந்தபோது ஒன்பது இலைக்காரிகளும் கட்டை இறக்கிவிட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டார்கள். வாயிலில் நின்றிருந்தவள் பவுனம்மாள், மாவுக்கட்டுப் போட்ட கையோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரமலை வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி ஆகவில்லை. பவுனம்மாள் ஒற்றைக் கையால் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நீக்கிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. ஒண்ணும் பேசாம வந்துட்டீங்களா?"

"புஸ்தகத்துல எழுதிட்டு வந்தேன். நாளைக்கு யாராச்சும் எடுத்துப் படிச்சா தெரியும்ல." எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அவள் புளிக் கையை உதறிவிட்டு முழுவதும் கேட்டாள். "நல்லம்மை பேரு இருக்கு" என்றாள்.

"ஆமா."

"ஒங்க பேரும் இருக்கு."

"ஆமா."

"பூட்டி வெச்சதால ஒருத்தி விழுந்து கைய ஒடச்சுக்கிட்டாளே, அது?"

வீரமலை சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அவள் கரைத்த புளியை வடிகட்டினாள். சட்டி நகர்ந்தது, மாவுக்கட்டுக் கையின் முனையால் அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.

"யாரு வேணாலும் மறப்பாங்க" என்றாள். "நீங்களுமா?"

அவன் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து மறுபடியும் மாட்டினான். சைக்கிளை வாசலுக்குத் தள்ளினான்.

"இப்ப எங்க கெளம்புறீங்க?"

"புஸ்தகத்தை இன்னும் உள்ள எடுத்து வெச்சிருக்க மாட்டாங்க" என்றான் வீரமலை.